"உஷ்!" என்பவர்கள் பேசும் இடம்

கிறிஸ்தவ நூலகர்களின் மாநாட்டு மேடையில் நடப்பது என்ன?

நூல் நிலையத்தில் உரக்கப் பேசினால் என்ன நடக்கும்? மேஜைக்குப் பின்னால் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். உதட்டில் விரலை வைப்பார். "உஷ்!" என்பார்.

அப்படி "உஷ்" சொல்கிறவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, நாள் கணக்கில் பேசுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

பேசத்தான் செய்கிறார்கள்! ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் கிறிஸ்தவக் கல்லூரிகள் பல இருக்கின்றன. பாதிரிமார்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேதக் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றின் நூல் நிலையங்களைக் கவனிக்கும் நூலகர்களுக்குச் சங்கங்கள் உண்டு. ஒன்று, 1947-ல் பிறந்த அமெரிக்க வேதசாஸ்திர நூல் நிலையச் சங்கம். சுருக்கமாக "அட்லா" என்பார்கள். இன்னொன்று, 1957-ல் தோன்றிய கிறிஸ்தவ நூலகர் சங்கம்.

இந்தச் சங்கங்கள் மாநாடு கூட்டும். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் கூட்டும். கல்லூரிகளுக்கு அப்போது கோடை விடுமுறை. அங்கே ஒரு நூலகர் மேடை ஏறுவார். கையில் நாலைந்து தாள் இருக்கும். தொண்டையைக் கனைத்துக் கொள்வார். பேசத் தொடங்குவார்.

அவர் பேசுவது கோவில் பிரசங்கம் அல்ல. அரசியல் சொற்பொழிவும் அல்ல. தன் நூல் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு தொல்லையைச் சொல்வார். அதற்குத் தான் செய்து பார்த்த வைத்தியத்தையும் சொல்வார். அவ்வளவுதான்.

"இதில் என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கலாம்.

பெரிய விஷயம்தான். ஒருவர் வாய் திறந்து சொன்ன தொல்லை, ஊர் கூடி இழுக்கும் தேராக மாறியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

தனி மரம்

ஒரு சிறிய கல்லூரியை எண்ணிப் பாருங்கள். அங்கே பாடம் சொல்லும் ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக்குப் போய்க் கேட்கலாம்.

நூலகர் நிலை அப்படி அல்ல. சிறிய கல்லூரியில் நூலகர் ஒருவர்தான். அதிகமாகப் போனால் இருவர். புத்தகம் வாங்குவது அவர். எண் போடுவது அவர். அலமாரியில் அடுக்குவது அவர். கிழிந்ததை ஒட்டுவதும் அவரே.

புத்தகத்தில் பூச்சி விழுந்தால் அவர் யாரைக் கேட்பார்? கல்லூரித் தலைவர், "அடுத்த ஆண்டு புத்தகம் வாங்கப் பணம் கிடையாது" என்று சொல்லிவிட்டால் யாரிடம் யோசனை கேட்பார்?

இருநூறு மைல் தள்ளி இன்னொரு கல்லூரியில் இன்னொரு நூலகர் இருப்பார். அவருக்கும் இதே தொல்லைதான். ஒருவேளை அவர் அதற்கு வழியும் கண்டுபிடித்திருப்பார். ஆனால் இவருக்கு அது தெரியாது.

தெரியாததால் என்ன நஷ்டம்? ஒரே வேலையை நூறு பேர் நூறு இடத்தில் தனித்தனியே செய்கிறார்கள். ஒரே தவற்றையும் நூறு பேர் செய்கிறார்கள். தனி மரம் தோப்பாகாது அல்லவா?

முதல் கூட்டம்

இதை முதலில் உணர்ந்து கூடியவர்கள் நியூயார்க் நகரில் கூடினார்கள். ஆண்டு 1853. செப்டம்பர் மாதம். அமெரிக்க நூலகர்களின் முதல் மாநாடு அதுதான். வந்தவர்கள் 82 பேர். அத்தனை பேரும் ஆண்கள்.

அதற்குத் தலைமை வகித்தவர் சார்லஸ் காபின் ஜூவெட். அவர் ஒரு யோசனையை முன்வைத்து வந்தார்.

ஒரே புத்தகம் நூறு நூல் நிலையங்களில் இருக்கிறது. நூறு இடத்திலும் நூறு பேர் அதன் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதிப் பட்டியல் தயாரிக்கிறார்கள். ஏன் இந்த வீண் வேலை? ஒருவர் ஒரு முறை எழுதி அச்சுத் தகடு செய்து வைத்தால் போதும். மற்றவர்கள் அதை வாங்கி அச்சடித்துக் கொள்ளலாம். இதுதான் ஜூவெட்டின் யோசனை.

நல்ல யோசனை. ஆனால் வேலைக்கு ஆகவில்லை. அவர் களிமண் கலந்து செய்த தகடுகள் வளைந்து போயின!

தகடு வளைந்தது. யோசனை வளையவில்லை. 1901-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூல் நிலையம், அச்சடித்த பட்டியல் அட்டைகளை எல்லா ஊர்களுக்கும் விற்கத் தொடங்கியது. 1971-ல் ஓஹையோ மாநிலத்துக் கல்லூரிகள் அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்தன. இன்று உலகெங்கும் நூல் நிலையங்கள் ஒருவர் எழுதிய பட்டியலை மற்றவர் எடுத்துக் கொள்கின்றன.

1853-ல் கூட்டத்தில் பேசிய பேச்சு காற்றோடு போகவில்லை. காலம் வந்ததும் முளைத்தது.

நாய் வரி!

1876-ல் பிலடெல்பியா நகரில் இரண்டாம் முறை கூடினார்கள். 103 பேர் வந்தார்கள். இந்தத் தடவை 13 பெண்களும் இருந்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் அங்கேதான் பிறந்தது.

பெண்கள் வந்தார்கள். ஆனால் வாய் திறக்கவில்லை.

மறு ஆண்டு, 1877-ல், நியூயார்க்கில் மாநாடு. கரோலின் ஹூவின்ஸ் என்ற அம்மையார் எழுந்தார். ஹார்ட்போர்டு நகரத்து நூலகர் அவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

என்ன கேள்வி தெரியுமா? நாய் வரியைப் பற்றிய கேள்வி!

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நாய் வளர்ப்பவர்கள் வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தை நூல் நிலையத்துக்குக் கொடுப்பது உண்டு. "வேறு எங்காவது இந்த வழக்கம் இருக்கிறதா?" என்று அம்மையார் கேட்டார். அந்தச் சங்கத்தின் மாநாட்டில் ஒரு பெண் முதன் முதலாகப் பேசிய பேச்சு இதுதான்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். நூல் நிலையம் நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? அதுதானே எல்லா நூலகர்களின் கவலையும்? அம்மையார் அலங்காரமாகப் பேசவில்லை. வேலைக்கு வேண்டியதைக் கேட்டார்.

ஐந்தாண்டு கழிந்தது. அதே அம்மையார் 1882-ல் ஓர் அறிக்கையுடன் வந்தார். "சிறுவர் சிறுமியர் நல்ல புத்தகம் படிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று 25 நூல் நிலையங்களுக்கு எழுதிக் கேட்டு, வந்த பதில்களைத் திரட்டியிருந்தார். குழந்தைகளுக்கான நூல் நிலைய வேலைக்கு அந்த அறிக்கை ஒரு அடிக்கல்.

ஒரு கேள்வியில் தொடங்கியவர் அறிக்கையில் வந்து நின்றார். மேடைக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே எண்!

இதெல்லாம் பொதுவான நூலகர்களின் கதை. கிறிஸ்தவ நூலகர்கள் ஏன் தனியாகக் கூட வேண்டும்?

அவர்களுக்கென்று தனித் தொல்லைகள் இருந்தன. அதில் ஒன்று எண் தொல்லை.

மெல்வில் தூயி என்பவர் 1876-ல் ஒரு முறையை வெளியிட்டார். உலகத்து அறிவை எல்லாம் பத்துக் கூறாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். மதத்துக்கு 200. மொழிக்கு 400. சரித்திரத்துக்கு 900. நம் ஊர் நூல் நிலையங்களிலும் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் இந்த வகைதான்.

சாதாரண நூல் நிலையத்துக்கு இது நல்ல முறை. ஆனால் வேதக் கல்லூரியில் என்ன ஆகும்? அங்கே இருப்பவை பெரும்பாலும் மதப் புத்தகங்கள்தானே! எல்லாம் 200-க்குள் வந்து அடைந்து கொள்ளும்.

ஓர் ஊரில் எல்லோருக்கும் ராமசாமி என்று பெயர் வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்தக் கதிதான் வேதக் கல்லூரி நூலகருக்கு. புள்ளி வைத்து, புள்ளிக்குப் பின்னால் எண்களை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

இதற்கு வழி கண்டவர் ஜூலியா பெட்டி என்ற அம்மையார். 1872-ல் பிறந்தவர். 1909-ல் நியூயார்க்கில் உள்ள யூனியன் வேதக் கல்லூரியின் நூல் நிலையத்துக்கு வந்தார். புத்தகங்களை எல்லாம் புதிய முறையில் பிரிக்கத் தொடங்கினார். வேதத்துக்கு ஓர் இடம், சபைச் சரித்திரத்துக்கு ஓர் இடம் என்று தாராளமாக இடம் கொடுத்து, மதம் படிக்கிறவரின் பார்வையில் அறிவு முழுவதையும் அடுக்கினார்.

அம்மையார் அதைத் தன் அலமாரியோடு நிறுத்தி வைக்கவில்லை. 1911-லேயே நூலகர்களின் பத்திரிகையில் எழுதி எல்லோருக்கும் தெரிவித்தார். பிறகு பல வேதக் கல்லூரிகள் அந்த முறையை எடுத்துக் கொண்டன. அம்மையார் 1967-ல் காலமானார். அவர் போட்ட எண்களோடு பல நூல் நிலையங்கள் நெடுங்காலம் நடந்தன.

லூயிவில் நகரில்

இனி 1947-க்கு வருவோம். கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்று ஒரு நகரம். அங்கே உள்ள பிரஸ்பிட்டேரியன் வேதக் கல்லூரியில் ஜூன் மாதம் நூலகர்கள் கூடினார்கள். "அட்லா" சங்கம் அன்று பிறந்தது.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு இருந்த பெரிய குறை என்ன?

மதத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் வந்து கொண்டிருந்தன. அறிஞர்கள் அருமையான கட்டுரைகளை எழுதினார்கள். பத்திரிகை வரும். அலமாரியில் ஏறும். அதோடு சரி. எந்தக் கட்டுரை எந்தப் பத்திரிகையில், எந்த மாதத்தில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

ஒரு கிராமத்துப் பாதிரியார் வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல வேண்டும். யோபுவின் கதையைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வேண்டும். நூலகர் எங்கே தேடுவார்? பத்து வருடத்துப் பத்திரிகையைப் புரட்ட முடியுமா? கட்டுரை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது கிணற்றில் போட்ட கல்!

இதற்கு ஒரே வழி, அகராதி போல ஓர் அட்டவணை. ஆசிரியர் பெயரைப் பார்த்தாலும் கிடைக்க வேண்டும். விஷயத்தைப் பார்த்தாலும் கிடைக்க வேண்டும். ஆனால் எந்தக் கல்லூரியும் தனியாக அதைச் செய்ய முடியாது. செலவும் அதிகம். உழைப்பும் அதிகம்.

சங்கத்தார் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கினார்கள். 1949 முதல் 1952 வரை வந்த கட்டுரைகளுக்கு அட்டவணை தயாரித்தார்கள். அது 1953-ல் புத்தகமாக வெளிவந்தது.

அன்று தொடங்கிய வேலை இன்று வரை நிற்கவில்லை. அட்டையாகவும் புத்தகமாகவும் இருந்தது, இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதில் தேடலாம். இரண்டாவது சங்கமான கிறிஸ்தவ நூலகர் சங்கமும் தனக்கென்று ஒரு பத்திரிகை அட்டவணையை நடத்தி வந்திருக்கிறது.

தனி ஆளாக இருந்தால் புலம்பிவிட்டுப் போயிருப்பார்கள். கூடியதால் அட்டவணை கிடைத்தது.

உதிரும் காகிதம்

கட்டுரையைக் கண்டுபிடித்தாயிற்று. பத்திரிகையை எடுத்துப் பிரிக்கிறோம். பக்கம் அப்பளம் போல நொறுங்குகிறது! என்ன செய்வது?

இது விளையாட்டு அல்ல. நம் நாட்டு ஓலைச்சுவடி முந்நூறு ஆண்டு தாங்குவது உண்டு. ஆனால் நூறு வருடத்துக்கு முன் அச்சடித்த புத்தகம் கை பட்டால் உதிர்கிறது. ஏன்?

முன் காலத்தில் கந்தல் துணியைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். அது உறுதியான காகிதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழுக்கு மாறினார்கள். மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். காகிதம் மலிவாயிற்று. ஆனால் அதற்குள்ளே அமிலம் உண்டாகி, உட்கார்ந்து கொண்டு காகிதத்தைத் தின்றது.

வில்லியம் பாரோ என்பவர் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார். 1900 முதல் 1949 வரை அச்சான 500 புத்தகங்களை எடுத்தார். காகிதத்தை மடித்துப் பார்த்தார். கிழித்துப் பார்த்தார். முடிவை 1959-ல் வெளியிட்டார். நூற்றுக்கு 97 புத்தகங்கள் ஐம்பது ஆண்டு கூடத் தாங்க மாட்டா என்றார்! நூலகர்கள் திடுக்கிட்டார்கள்.

வேத நூலகர்கள் அதற்கு முன்பே விழித்துக் கொண்டிருந்தார்கள். 1950-களிலேயே அவர்கள் சங்கம், பழைய பத்திரிகைகளைச் சினிமாப் பிலிம் போன்ற சுருளில் படம் பிடிக்க ஒரு குழுவை அமைத்தது. அதற்கு "மைக்ரோ பிலிம்" என்று பெயர். ஒரு சுருளில் நூற்றுக்கணக்கான பக்கம் அடங்கும். ஒரு தடவை படம் பிடித்தால், எல்லாக் கல்லூரிகளும் பிரதி வாங்கிக் கொள்ளலாம். 1980-களில் பழைய புத்தகங்களையும் இப்படியே படம் பிடித்துக் காப்பாற்றினார்கள்.

புத்தகம் உதிர்ந்தால் காகிதம் மட்டுமா போகிறது? அதை எழுதியவரின் வாழ்நாள் உழைப்பும் அல்லவா போகிறது! அதனால்தான் மாநாட்டில் பூச்சியைப் பற்றியும் புழுக்கத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

மேடை ஏறும் வழி

சரி, ஒரு நூலகர் மாநாட்டில் பேச வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்?

பல மாதங்களுக்கு முன்பே சங்கம் அறிவிப்பு விடும். பேச விரும்புகிறவர் தலைப்பையும், என்ன சொல்லப் போகிறேன் என்ற சுருக்கத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு குழு அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும்.

எல்லோரும் நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. சிலருக்கு முக்கால் மணி நேரம். சிலருக்குப் பத்து நிமிடம். வேறு சிலர் தங்கள் வேலையைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பார்கள். வருகிறவர்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு இது ஏற்ற வழி.

கிறிஸ்தவ நூலகர் சங்கத்து மாநாடு பெரிய ஓட்டலில் அல்ல, ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் நடப்பது வழக்கம். மாணவர் விடுதி அறைகளில் தங்குவார்கள். ஜெபமும் பாட்டும் உண்டு. பிறகு வேலைப் பேச்சு.

எதைப் பேசலாம்? இதோ ஒரு மாதிரி.

ஒரு முதிய பாதிரியார் இறந்து விடுகிறார். வீடு நிறையப் புத்தகம். பிள்ளைகள் அவற்றைக் கல்லூரிக்குக் கொண்டு வருகிறார்கள். "அப்பா உயிராக நினைத்த புத்தகங்கள்" என்கிறார்கள். நூலகர் பார்க்கிறார். பாதிப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் புத்தகத்துக்கு இடம் இல்லை. வேண்டாம் என்றால் பிள்ளைகள் மனம் நோகும். வாங்கி அடைத்து வைத்தால் யாருக்கும் பயன் இல்லை.

உலகத்து வேதக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. இதைச் சமாளித்த ஒருவர் எழுந்து, "நான் இப்படிச் செய்தேன், இத்தனை புத்தகம் வைத்துக் கொண்டேன், இத்தனை புத்தகம் ஏழைக் கல்லூரிகளுக்கு அனுப்பினேன், பிள்ளைகளிடம் முதலிலேயே இந்தத் தாளில் கையெழுத்து வாங்கினேன்" என்று சொன்னால் போதும். கேட்கிறவர்கள் அந்தத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு ஊர் போவார்கள். அந்தப் பேச்சு வெற்றி!

ஆகவே நல்ல பேச்சுக்கு அலங்காரம் வேண்டாம். தொல்லை என்ன? என்ன செய்தோம்? எவ்வளவு செலவு? எது பலிக்கவில்லை? இந்த நாலும் இருந்தால் போதும். பலிக்காததைச் சொல்வதுதான் மிகவும் முக்கியம். அடுத்தவர் அந்தக் குழியில் விழ மாட்டார் அல்லவா?

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். இதற்குத்தான் பலரும் நடுங்குவார்கள். ஆனால் பேசுகிறவருக்கு அதிக லாபம் தருவது இதுதான். தன் வழியை விடச் சுலபமான வழி ஒன்றைப் பின் வரிசையில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

"அட்லா" சங்கம் மாநாட்டு நடவடிக்கைகளைத் தொகுத்து வெளியிடும். ஆகையால் வர முடியாதவருக்கும் விஷயம் போய்ச் சேரும்.

வைக்கலாமா, கூடாதா?

இந்த மாநாடுகளில் சூடு பறக்கும் பேச்சும் உண்டு. கிறிஸ்தவக் கல்லூரி நூல் நிலையத்தில், கிறிஸ்தவ மதத்துக்கு மாறான புத்தகம் வைக்கலாமா?

"மாணவர் மனம் கலங்குமே" என்பார் ஒருவர். "எதிர்க் கட்சி சொல்வதைப் படிக்காமல் எப்படிப் பதில் சொல்வது?" என்பார் இன்னொருவர். இது இன்றும் நடக்கும் விவாதம்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார். வந்த வேலை கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவது. ஆனால் அவர் ஊர் ஊராக ஆள் அனுப்பித் தமிழ் ஏடுகளைச் சேர்த்தார். 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். கிறிஸ்தவ நூல்கள் மட்டுமா அதில் இருந்தன? இந்துக்களின் தமிழ் நூல்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. திருக்குறளும் இருந்தது! முஸ்லிம்களின் நூல்களையும் அவர் விடவில்லை.

அந்தப் பட்டியலை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியதால்தான், முந்நூறு ஆண்டுக்கு முன் தரங்கம்பாடிப் பக்கத்தில் மக்கள் என்ன படித்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது. மாற்றாரின் புத்தகத்தையும் மதித்து எழுதி வைத்தவரின் பயன் அது.

சென்னை தந்த செல்வம்

நூலகர் பேச்சு ஊருக்கு என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் நம்மிடம் இருக்கிறது. சீர்காழி ரங்கநாதன்தான் அந்தச் சாட்சி.

அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தவர். எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் அவருடைய குரு. 1924-ல் ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார்.

நூல் நிலைய வேலைக்கு அடிப்படையான விதிகள் இருக்க வேண்டும் என்று நினைத்தார். விதிகள் மனதில் உருண்டன. உருவம் வரவில்லை. 1928-ல் ஒரு நாள் தன் பழைய குருவிடம் அதைச் சொன்னார். ராஸ் சட்டென்று முதல் விதியைச் சில சொற்களில் அடக்கிக் கொடுத்தார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்கவே என்பதுதான் அதன் கருத்து. அதன் பிறகு மற்ற நான்கு விதிகளும் வரிசையாக வந்தன.

ரங்கநாதன் அந்த விதிகளை அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் எடுத்துச் சொன்னார். 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். இன்று உலகத்தில் நூலகப் படிப்பு படிக்கிறவர்கள் எங்கும் அதைப் படிக்கிறார்கள்.

இடையில் 1930-ல் காசியில் ஆசியக் கல்வி மாநாடு நடந்தது. அங்கே ரங்கநாதன், நூல் நிலையங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்து முன்வைத்தார். உடனே யாரும் அதை நிறைவேற்றி விடவில்லை. ஆண்டுகள் ஓடின. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூல் நிலையச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இந்தியாவில் பொது நூல் நிலையத்துக்கென்று சட்டம் செய்த முதல் மாகாணம் நம் மாகாணம்தான்!

மாநாட்டில் வைத்த தாளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பதினெட்டு வருடம். பொறுமை வேண்டும். ஆனால் அந்தத் தாள் எழுதப்படாமல் இருந்தால்?

இன்றைய கவலை

இப்போது அமெரிக்காவில் வேதக் கல்லூரிகளுக்குப் புதிய சோதனை. பல கல்லூரிகளில் மாணவர்கள் குறைகிறார்கள். சில மூடப்படுகின்றன. சில ஒன்றோடு ஒன்று சேர்கின்றன. 1807-ல் தோன்றிய ஆண்டோவர் கல்லூரியின் வழி வந்த ஆண்டோவர் நியூட்டன் வேதக் கல்லூரி, தன் பழைய இடத்தை விட்டு, 2017-ல் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

கல்லூரி மூடினால் மாணவர் வேறு கல்லூரிக்குப் போவார்கள். ஆசிரியர் வேறு வேலை தேடுவார். புத்தகம் எங்கே போகும்? இரண்டு நூற்றாண்டு சேர்த்ததை யார் வாங்கிக் கொள்வார்கள்? எதை வைப்பது, எதைக் கொடுப்பது? இனி காகிதப் புத்தகம் வாங்குவதா, கம்ப்யூட்டரில் படிப்பதற்குச் சந்தா கட்டுவதா? சந்தா நின்றால் புத்தகமும் நின்று விடுமே!

இந்தக் கேள்விகளுக்குத் தனி ஆளிடம் பதில் கிடையாது. ஆகவே கூடுகிறார்கள். ஆசியாவில் உள்ள வேத நூலகர்களும் 1991-ல் தங்களுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திக் கொண்டார்கள்.

நூலகர் மாநாட்டுச் செய்தி பத்திரிகையில் பெரிய எழுத்தில் வராது. மாலையும் கைதட்டலும் குறைவு. ஆனால் அங்கே ஒருவர் பத்து நிமிடம் பேசியதன் பலன், எங்கோ முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேருகிறது. அவர் கேட்ட புத்தகம் கேட்ட நேரத்தில் கைக்கு வருகிறது. அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் வீட்டில் நூலக வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால், "உன் வேலையில் நீ கண்ட வழியை ஒரு நாள் எழுந்து சொல்" என்று தைரியம் கொடுங்கள். நாய் வரியைப் பற்றிய ஒரு கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை.